நிற்காத வண்டி

குரு என்றால் தாடி வேண்டும், ஆற்றங்கரை வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தக் கதையை இங்கேயே மூடிவிடலாம். இந்தக் குருவின் பெயர் ஜெபக்கனி. வயது முப்பத்து நான்கு. தூத்துக்குடியில் மூடிப்போன ஒரு ஐஸ் கம்பெனியின் பின்கட்டில், சாதாரண சைக்கிள்களில் மோட்டாரும் பேட்டரியும் பொருத்தி ஓடவைத்துக்கொண்டிருந்தாள்.

சீடருக்கு ஐம்பத்தாறு வயது. பெயர் பலவேசம். இருபத்தெட்டு வருடம் நூற்பாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். ஆலையை மூடியதும் தொழில் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார். முதல் வாரம் அவளை 'நீ' என்றார். அவள் ஈயம் பற்றவைப்பதைப் பார்த்தபின் 'நீங்க' என்றார். அந்த அளவுக்கு நல்ல மனிதர்.

ஜெபக்கனியின் பேட்டரிகள் பழைய லேப்டாப்புகளிலிருந்து வந்தவை. உடைத்து, உள்ளே இருக்கும் விரல் பருமன் செல்களை எடுத்து, ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துச் சோதித்து, வரிசை வரிசையாகக் கட்டுவாள். எல்லாம் கட்டி முடித்தபின் மேலே ஒரு சின்னப் பச்சை போர்டு வைப்பாள். ஓடும்போது ஒரு வரிசை சோர்ந்துபோனால் அந்த போர்டு மொத்தக் கரண்டையும் வெட்டிவிடும். சார்ஜ் ஏறும்போது ஒரு வரிசை அளவுக்கு மேல் நிரம்பினாலும் வெட்டிவிடும்.

ஒருநாள் பலவேசம் கேட்டார்.

"தாயி, ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி."

"வண்டி ஓடுறதுக்குத்தான செய்யுதோம். நிக்கிறதுக்கு எதுக்கு ஒரு போர்டு?"

ஜெபக்கனி பதில் சொல்லவில்லை. அன்று காலைதான் ஒரு வண்டி முடிந்திருந்தது. உப்பளத்தில் வேலை செய்யும் பேச்சித்தாய் என்ற பெண்ணுக்கானது. அதை வெளியே தள்ளிக்கொண்டு வந்து, "ஏறி ஓட்டுங்க" என்றாள். பின்னால் அவளும் உட்கார்ந்துகொண்டாள்.

ரயில்வே மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில் வண்டி செத்துப்போனது. பின்னால் வந்த லாரிக்காரன் இருவருடைய பரம்பரையையும் விசாரித்துவிட்டுப் போனான். ஜெபக்கனி இறங்கினாள். ஒன்றும் பேசாமல் வண்டியை உச்சி வரைக்கும் தள்ளினாள். அங்கே ஐந்து நிமிடம் காத்திருந்தாள். பிறகு வண்டி தானாக உயிர்பெற்றது. திரும்பி வந்தார்கள்.

குருமார்கள் வாயைத் திறக்காமல் இருப்பதைக் கதைகள் ரொம்பவும் மெச்சுகின்றன. எனக்கு அதில் எப்போதும் உடன்பாடு இருந்ததில்லை. பேசாத குருவுக்குப் பக்கத்தில் நிற்கும் சீடன் என்ன புரிந்துகொண்டான் என்று யார் போய்ப் பார்த்தார்கள்? பலவேசம் புரிந்துகொண்டது இதுதான். வண்டியில் ஒரு குறை இருக்கிறது. குரு அதை நேரில் காட்டிவிட்டார்.

பேச்சித்தாய் வண்டியை எடுக்க வந்தபோது ஜெபக்கனி அவளிடம் மட்டும் சொன்னாள்.

"ஏத்தத்துல நின்னா பயப்படாதீங்க யக்கா. இறங்கித் தள்ளுங்க. அஞ்சு நிமிஷம் ஆறட்டும். அது உங்க நல்லதுக்குத்தான் நிக்கி."

இரண்டு வாரம் கழித்து ஜெபக்கனி பழைய செல் வாங்க மதுரைக்குப் போயிருந்தாள். அன்று பேச்சித்தாய் வண்டியைத் தள்ளிக்கொண்டே பட்டறைக்கு வந்தாள். வலது முழங்கால் வீங்கியிருந்தது. உப்பில் நின்று நின்று கால் வெடித்திருந்தது.

"அண்ணாச்சி, தெனமும் பாலத்துல நிக்கி. என்னால தள்ள முடியல. முட்டி விட்டுப்போச்சு. இன்னைக்கு ஒரு லாரி உரசிட்டுப் போறான். நான் செத்தா எங்க வீட்டுக்காரருக்கு யாரு அண்ணாச்சி கஞ்சி ஊத்துவா?"

அழுதாள். பலவேசத்துக்கு யார் அழுதாலும் தாங்காது. அதிலும் தங்கை வயதில் ஒருத்தி, கால் வீங்கி நின்று அழுகிறாள்.

"உக்காரும்மா. கால் மணி நேரம்."

ஆலையில் ஃபியூஸ் போனால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் சூப்பர்வைசரின் வாய் நிற்காது. அதனால் ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் தடித்த செம்புக் கம்பியைப் போட்டு முறுக்கிவிடுவார்கள். டைரக்ட் பண்ணுவது என்று அதற்குப் பெயர். இருபத்தெட்டு வருடத்தில் பலவேசம் நூறு முறையாவது பண்ணியிருப்பார். ஒன்றும் ஆனதில்லை. ஆனபோது அது வேறு ஷிப்டில் ஆகியிருந்தது.

நான்கு அங்குலச் செம்புக் கம்பி வெட்டினார். போர்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு பாலம் போட்டார். ஈயம் அழகாகப் பிடித்தது. ஜெபக்கனியே பார்த்திருந்தால் அந்தப் பற்றவைப்பை மெச்சியிருப்பாள்.

பேச்சித்தாய் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நல்லா இருப்பிய அண்ணாச்சி."

பத்து நாள் போனது. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது பலவேசம் சொன்னார். குருவின் வாயால் ஒரு பாராட்டு வாங்கலாம் என்ற ஆசை முகத்தில் தெரிந்தது.

"அந்தப் பேச்சித்தாய் வண்டி இப்ப பாலத்துல நிக்கிறதே இல்ல தாயி."

ஜெபக்கனி சோற்றுப் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

"ஏன் நிக்கல?"

"டைரக்ட் பண்ணிட்டேன்."

"என்னைக்கு?"

"நீங்க மதுரைக்குப் போன அன்னைக்கு. பாவம், முட்டி வீங்கிப்போயி நின்னு அழுதா."

"அந்த வண்டி எங்க சார்ஜ் ஏறுது அண்ணாச்சி?"

"அவ வீட்லதான்."

"வீட்ல எங்க?"

பலவேசத்துக்குத் தெரியவில்லை.

வண்டி கேட்டு யார் வந்தாலும் ஜெபக்கனி முதலில் அளவெடுப்பதில்லை. அவர்கள் வீட்டுக்குப் போவாள். சார்ஜ் எங்கே ஏறப்போகிறது என்று பார்ப்பாள். பிளக் எங்கே இருக்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது, யார் படுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்துதான் ஒரு செல்லைக் கையில் எடுப்பாள். அதைப் பெண்பிள்ளையின் வீண்வம்பு என்று பலவேசம் உள்ளுக்குள் நினைத்திருந்தார். ஒருமுறைகூட அவளோடு போனதில்லை.

"அந்த வீட்ல ஒரே ஒரு பிளக்கு" என்றாள் ஜெபக்கனி. "அவ வீட்டுக்காரர் தலைமாட்டுல இருக்கு. உப்பு லாரியில இருந்து விழுந்த மனுஷன். இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. சார்ஜ் அளவுக்கு மேல ஏறுனா போர்டு வெட்டிருமேன்னுதான் அந்த இடத்துக்கே ஒத்துக்கிட்டேன்."

பேசிக்கொண்டே செருப்பை மாட்டிவிட்டாள். பலவேசம் கையில் ஈரத்தோடு பின்னால் ஓடினார்.

பட்டறையில் இருந்த வண்டியில் இருவரும் போனார்கள். பலவேசம் ஓட்டினார். ஜெபக்கனி பின்னால் உட்கார்ந்து பேச்சித்தாய்க்குப் போன் போட்டாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். இந்த முறை மணி அடிக்கவில்லை.

பாலத்தின் ஏற்றத்தில் வண்டி நின்றது. இருவரும் இறங்கித் தள்ளினார்கள். உச்சிக்கு வந்தபோது, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், வீடுகளுக்கு மேலே வெள்ளைப் புகை தெரிந்தது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பக்கத்து வீட்டு ஆட்கள் கூரைத் தகட்டை உடைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் பட்டும் உள்ளே ஏதோ சீறிச் சீறி வெடித்தது. கதவு திறந்துதான் இருந்தது. நடக்க முடிந்தவன் என்றால் நாலு எட்டில் வெளியே வந்திருப்பான்.

பேச்சித்தாய் தண்ணீர் லாரி வந்ததென்று குடத்தோடு தெருமுனைக்குப் போயிருந்தாள். குடம் நிறைந்தபின்தான் திரும்பினாள். அந்தக் குடத்தை இடுப்பிலிருந்து இறக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. யாரோ வந்து வாங்கி வைத்தார்கள்.

காக்கி உடுப்பில் வந்தவர், பேட்டரி யார் செய்தது என்று கேட்டார். பலவேசம் வாயைத் திறப்பதற்குள் ஜெபக்கனி, "நான்" என்றாள். அவர் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். சுவரில் தொங்கிய ஒயரையும் பார்த்தார். வீட்டு ஒயரிங் பழசு, மின்கசிவு என்று எழுதிக்கொண்டு போனார்.

மறுநாள் ஜெபக்கனி சாம்பலைக் கிளறினாள். செல்கள் எல்லாம் வாய்பிளந்து கிடந்தன. போர்டு இருந்த இடம் தெரியவில்லை. செம்புக் கம்பி மட்டும் கறுத்துப்போய், வளைந்த வளைவு மாறாமல் அப்படியே கிடந்தது. அதை எடுத்துப் பட்டறைக்குக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தாள்.

"அண்ணாச்சி, அன்னைக்குப் பாலத்துல உங்கள ஓட்ட விட்டு, நின்னதும் வண்டியத் தள்ளிக் காட்டுனேன் பாத்தீங்களா? ஊமைச்சி மாதிரி. அப்பவே வாயத் தொறந்து சொல்லியிருக்கணும். அது என் தப்பு. சாவு வீட்ல அவகிட்ட சொல்லிட்டேன், பேட்டரி நான் கட்டுனதுதான் யக்கான்னு."

"அவ என்ன சொன்னா?"

"'நீ என்ன செய்வ தாயி, பிளக்கச் சொருகினது நான்தான'ன்னா."

பலவேசம் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பங்க நான் சொல்லிட்டேன்" என்றாள் ஜெபக்கனி. "மிச்சத்த நீங்கதான் சொல்லணும்."

"சொல்லுதேன். பதினாறு முடியட்டும்."

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பலவேசம் போய் மாலை வாங்கி வைத்தார், இலை போட்டார், பந்தியில் தண்ணீர் ஊற்றினார். மாடாய் உழைத்தார். அந்த வீட்டில் அவர் செய்யாத வேலை ஒன்றே ஒன்றுதான்.

பதினெட்டாம் நாள் பேச்சித்தாய் பட்டறைக்கு வந்தாள். நடந்தே வந்திருந்தாள். பலவேசம் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"வேலைக்குப் போகணும் அண்ணாச்சி. எத்தன நாளைக்குத்தான் அடுத்த வீட்டுக் கஞ்சி குடிக்க? இன்னொரு வண்டி செஞ்சு குடுங்க. இந்தத் தடவ வாசல்லயே சார்ஜ் போட்டுக்கிடுதேன்."

பலவேசம் தலையை ஆட்டினார்.

"வண்டி மேல குத்தம் சொல்ல மாட்டேன்" என்றாள் அவள். "நீங்க சரி பண்ணிக் குடுத்த பெறவு ஒருநாளும் நிக்கல. பாலத்துல கப்பல் மாதிரி போவும். குத்தம் எம்மேலதான். மின்கசிவுன்னு சொல்லுதாவ. நான்தான சொருகினேன்? சொருகிட்டு நான்தான தண்ணிக்குப் போனேன்? செல்போன ட்ரங்குப் பெட்டி மேல வச்சிட்டுப் போயிருக்கேன் பாருங்க. அவருக்குக் கை எட்டாது. அது அடிக்கிறதப் பாத்துக்கிட்டே கெடந்திருப்பாரு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ராத்திரி கண்ண மூடுனா அந்தப் பிளக்க நான் சொருகுறதுதான் வருது அண்ணாச்சி. எங்கையால நானே கொன்னுட்டேன்."

பலவேசம் எழுந்தார். "இரு தாயி, இந்தா வாரேன்" என்று உள்ளே போனார்.

உள்ளே ஜெபக்கனி செல்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நடுவில் மறைத்திருந்தது ஒரு சாக்குப் படுதாதான். வெளியே பேசியது எல்லாம் கேட்டிருக்கும். பலவேசம் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"என்னால முடியல" என்றார் மெதுவாக.

ஜெபக்கனி நிமிர்ந்தாள்.

"சொல்லத்தான் போனேன். வாய் வரைக்கும் வந்துட்டு. அவ முகத்தப் பாத்தா முடியல. எனக்காகப் பயந்து இல்ல தாயி, சத்தியமா இல்ல. போலீசுன்னாலும் போறேன், ஜெயிலுன்னாலும் போறேன். அவ இப்ப இருக்க நெலையில நம்பிப் புடிச்சது என் ஒருத்தன் கையத்தான். அந்தக் கையே இப்பிடிச் செஞ்சதுன்னு தெரிஞ்சா ஒடஞ்சு போவா. ஒரு மாசம் போவட்டும். கொஞ்சம் தேறட்டும். இப்பச் சொல்லுதது பாவம். பாத்தா அவ்வளவு இரக்கமா இருக்கு."

ஜெபக்கனி மேஜை மேல் கிடந்த கறுத்த கம்பியை எடுத்தாள். எழுந்து வந்து அவர் உள்ளங்கையை விரித்து அதில் வைத்தாள். வெளியே பேச்சித்தாய் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"அன்னைக்கும் இரக்கப்பட்டுத்தான் செஞ்சீங்க, அண்ணாச்சி."