நீர்க்கோழி மார்க் குடையும் நான்கு பைகளும்

ஆவுடையப்பன் அண்ணாச்சியைத் தளவாய் கடைசியாக உயிரோடு பார்த்தது தென்காசி பஸ் ஸ்டாண்டில், மதுரை பஸ்ஸின் ஜன்னலில். அண்ணாச்சிக்கு வயிற்றில் ஒரு ஆபரேஷன். பத்து நாளில் திரும்பிவிடுவேன் என்று சொல்லியிருந்தார். நீர்க்கோழி மார்க் குடைக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் விற்பனை மேனேஜராக இருந்தவர். அவருக்குக் கீழே மூன்று விற்பனையாளர்கள். அவர் திரும்பி வருகிறவரை அந்த மூன்று பேரையும் கட்டி மேய்க்கிற வேலை தளவாய்க்கு வந்திருந்தது. அதுவரை தளவாய் குடைக்குப் பிடி மாட்டிக்கொண்டிருந்தவன்.

பஸ் நகர ஆரம்பித்த பிறகுதான் அண்ணாச்சிக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் ஞாபகம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சொன்னார். தளவாய் கூடவே ஓடினான்.

“ஆளுகளைக் கண்ணு முன்னாலயே வச்சுக்கோ. ஒருத்தனையும் தனியா விட்டிராத!”

“சரிண்ணாச்சி!”

“குடை வித்தா கைதட்டு. மனுசனுக்கு அதுதான் தெம்பு.”

“சரிண்ணாச்சி!”

“வாங்க வாரவங்க என்ன சொன்னாலும் மறுத்துப் பேசப்படாது. சாயங்காலம் பையைத் திறந்து பாரு. எவன் பை காலியா இருக்கோ அவன் கெட்டிக்காரன். நோட்டுல எழுதி வை. நான் வந்து சொல்லுத வரைக்கும் ஒண்ணையும் மாத்தாத!”

“சரிண்ணாச்சி!”

ஆஸ்பத்திரியில் படுக்கப் போகிறவருக்குக் குடை எதற்கு என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மடியில் இருந்த தன் குடையை ஜன்னல் வழியாக நீட்டினார்.

“இதைப் பத்திரமா வச்சிரு. வந்து வாங்கிக்கிடுதேன். அந்த மூணு பயலுகளையும் வேலையில வச்சுக் காப்பாத்து. வெளிய போனா பொழைக்க மாட்டானுக.”

தளவாய் குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஊர் எல்லை வரைக்கும் ஓடினான். பஸ் கண்ணுக்கு மறைந்து வெகுநேரம் ஆகியிருந்தது. ஆனாலும் நிற்கும்படி யாரும் சொல்லவில்லையே.

அந்த மூன்று பேர் யார் என்றால், ஒருவன் இசக்கி. எல்லாவற்றையும் யோசித்துச் சொல்பவன். இன்னொருவன் உலகநாதன். எதற்கும் ஒரு சந்தேகம் கேட்பான். மூன்றாமவன் பிச்சைக்கனி. சட்டையை மாட்டிக்கொண்டு சட்டையைத் தேடுகிறவன். அண்ணாச்சி இருந்தவரைக்கும் அவர் பேசுவார், இவர்கள் சுமப்பார்கள். குடை விற்றுக்கொண்டிருந்தது.

அப்போது ஆனி மாதம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. குற்றாலத்துக்குக் குளிக்க வருகிற கூட்டம் தென்காசியை நிறைத்துவிட்டது. அந்த மாதத்தில் தென்காசியில் குடையை விற்பதற்குத் திறமை வேண்டாம். விற்காமல் இருப்பதற்குத்தான் வேண்டும்.

முதல் நாள் நான்கு பேரும் இலஞ்சிக்குப் பஸ் ஏறினார்கள். தளவாய்க்கு முன் சீட்டுதான் கிடைத்தது. மற்ற மூவரும் பின்னால் நின்றார்கள். கண் முன்னால் வைத்துக்கொள்ள வேண்டுமே, அதனால் தளவாய் சீட்டில் மண்டியிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். அவனுக்குப் பின் சீட்டில் இருந்த அம்மாள், “என்னய்யா, ஏன் என்னையே பாக்க?” என்று கேட்டாள்.

“உங்களை இல்லம்மா. உங்களுக்குப் பின்னால மூணு பேரு இருக்காங்க.”

அந்த அம்மாள் திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டாள்.

இலஞ்சியில் இறங்கியதும் சாரல் வலுத்தது. உலகநாதனுக்குச் சந்தேகம் வந்தது.

“அண்ணே, ஆளுக்கு ஒரு குடையை விரிச்சுக்கிடலாமா?”

இசக்கி யோசித்தான். “விரிச்சா நனையும். நனைஞ்சா பழசாயிரும். பழைய குடையை எவன் வாங்குவான்?”

“அப்போ பைக்குள்ள தண்ணி இறங்குதே.”

இதற்கும் இசக்கி வழி வைத்திருந்தான். நான்கு பேரும் சட்டையைக் கழற்றிக் குடைப் பைகளைச் சுற்றிக் கட்டினார்கள். அப்படியே வெற்றுடம்போடு, நடுங்கிக்கொண்டு, கடைத்தெருவில் வரிசையாக நடந்தார்கள்.

தேங்காய் வியாபாரி ஒருவர் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். “ஏ, பையில என்னப்பா?”

“குடை அண்ணாச்சி.”

அவர் சாரலையும் நான்கு பேரின் வெற்றுடம்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு குடையைக் கையில் வாங்கி விரித்துப் பார்த்தார். வாங்குகிற எண்ணத்தோடுதான் பார்த்தார். வியாபாரி என்பதால் வழக்கப்படி, “விலை கூடல்லா சொல்லுத?” என்றார்.

“ஆமா அண்ணாச்சி, கூடத்தான்” என்றான் இசக்கி.

“துணியும் அவ்வளவு கெட்டியா இல்ல.”

“இல்ல அண்ணாச்சி” என்றான் உலகநாதன்.

“ரெண்டு மழைக்குத் தாங்காது போலயே.”

“ஒரு மழைக்கே சந்தேகம்தான் அண்ணாச்சி” என்று பிச்சைக்கனி ஒத்துக்கொண்டான். மறுத்துப் பேசாததோடு கொஞ்சம் கூடுதலாகவும் ஒத்துழைத்ததற்காகத் தளவாய் அவனைப் பெருமையோடு பார்த்தான். வியாபாரி குடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தேங்காயைப் பார்க்கப் போய்விட்டார்.

பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ஒரு டீச்சர், இவர்கள் நடுங்குவதைப் பார்த்து மனசு கேட்காமல், விலைகூடக் கேட்காமல் ஒரு குடை வாங்கினார். வாங்கியதும் நான்கு பேரும் அவரைச் சுற்றி நின்று படபடவென்று கைதட்டினார்கள். தெருவே திரும்பிப் பார்த்தது. டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது.

“எதுக்கு இப்போ தட்டுதீங்க? என்னை ஏமாத்திட்டீங்களா?”

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு வழியில்லை.

“ஆமா டீச்சர்” என்றான் தளவாய்.

அந்தக் குடையும் திரும்பி வந்தது.

சாயங்காலம் கிட்டங்கியில் மதிப்பீடு. கிட்டங்கி என்பது குடைகளை அடுக்கி வைக்கிற அறை. தளவாய் நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்தான். இசக்கியின் பை நிறையக் குடை. உலகநாதனின் பையும் நிறைந்திருந்தது. பிச்சைக்கனியின் பையைத் திறந்தால், உள்ளே ஒன்றுமே இல்லை.

மூன்று பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

“எப்படிலே வித்த?” என்றான் இசக்கி.

“விக்கலையே. காலைல எடுத்து வைக்க மறந்துட்டேன்.”

இசக்கி பையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தான். கடைசியில் உலகநாதன், “அண்ணே, அப்போ இவன் கெட்டிக்காரனா இல்லையா?” என்றான்.

“அண்ணாச்சி பை காலியா இருக்கணும்னுதான் சொன்னாரு. எப்படிக் காலியாச்சுன்னு கேக்கச் சொல்லல” என்றான் இசக்கி. “நாமெல்லாம் சாயங்காலம் கெட்டிக்காரனாகப் பாக்குதோம். இவன் காலைலயே ஆயிட்டான்.”

தளவாய் ‘பிச்சைக்கனி: கெட்டிக்காரன்’ என்று எழுதினான். பிறகு ஞாயம் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று தன் பையையும் திறந்தான். உள்ளே அண்ணாச்சியின் குடை இருந்தது. ‘தளவாய்: பையில் ஒன்று. கெட்டிக்காரன் அல்ல’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

மறுநாள் முதல் எல்லோரும் பிச்சைக்கனியைப் பின்பற்றினார்கள். காலிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடையநல்லூர், செங்கோட்டை, பாவூர்சத்திரம் என்று ஊர் ஊராகப் போனார்கள். குடை வேண்டும் என்று கூப்பிட்டவர்களிடம், “இல்லையே அண்ணாச்சி, எல்லாம் காலி” என்று பையைக் கவிழ்த்துக் காட்டினார்கள். சுமை இல்லாததால் நடையும் கூடியது. பத்து நாளும் நோட்டில் மூன்று கெட்டிக்காரர்கள். நான்காவது வரியில் தளவாய்.

பன்னிரண்டாம் நாள் மதுரையிலிருந்து தந்தி வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, அடுத்த நாள் காலையில் காப்பி குடிக்கும்போது அண்ணாச்சி போய்விட்டார்.

நால்வரும் கிட்டங்கியில் குடைக் கட்டுகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். பிச்சைக்கனி கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை மூக்கைச் சிந்தினான்.

“அண்ணே, ஒரு சந்தேகம்” என்றான் உலகநாதன். “அவரு வந்து சொல்லுத வரைக்கும் ஒண்ணையும் மாத்தக் கூடாதுன்னாருல்லா?”

“ஆமா.”

“இனிமே அவரு வரமாட்டாரே.”

இசக்கி யோசித்தான். “அப்போ எப்பவுமே மாத்தக் கூடாது” என்றான்.

தளவாய் அன்றைக்கும் நோட்டை எழுதினான். நான்காவது வரி எழுதும்போது மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டான்.

ஆடி பிறந்தது. ஒரு நாள் முதலாளி கோமதிநாயகம் கிட்டங்கிக் கதவைத் திறந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு குடைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன.

“என்னவே இது?”

தளவாய் நோட்டை நீட்டினான். முதலாளி படித்தார். கெட்டிக்காரன், கெட்டிக்காரன், கெட்டிக்காரன். பக்கம் திருப்பினார். அங்கேயும் அப்படியே.

“இங்க பாரும்வே. ஆடி கடைசிக்குள்ள இந்தக் கிட்டங்கி காலியாகணும். அன்னைக்குச் சாயங்காலம் வருவேன். ஒரு குடை என் கண்ணுல பட்டாலும் நாலு பேரும் வீட்டுக்குப் போயிரணும். ஆமா.”

தளவாய்க்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. தன்னைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. பிடி மாட்டுகிற வேலை எங்கேயாவது கிடைக்கும். ஆனால் இந்த மூன்று பேரையும் யார் வேலைக்கு வைப்பார்கள்? வெளிய போனா பொழைக்க மாட்டானுக என்று அண்ணாச்சி ஜன்னலில் சொன்னது காதிலேயே இருந்தது.

“பேசாம வித்துருவோமாடே?” என்று கேட்டான்.

“அதையும் யோசிச்சேன்” என்றான் இசக்கி. “நம்மகிட்ட இதுவரைக்கும் ஒரு ஆளு வாங்கல. வேண்டாம்னு சொன்னவங்ககிட்டயே போயித் தொந்தரவு குடுக்கப்படாது. மொதலாளி கண்ணுல படக் கூடாதுன்னுதான சொன்னாரு? அவரு பகல்ல கால் வைக்காத இடம் எது?”

மூன்று பேரும் யோசித்தார்கள். பிச்சைக்கனிதான் கண்டுபிடித்தான்.

“அவரு வீடு!”

ஆடி கடைசி நாள் காலையில் இரண்டு மாட்டு வண்டிகளில் முந்நூற்றுப் பன்னிரண்டு குடைகளும் முதலாளி வீட்டு வாசலில் போய் இறங்கின. முதலாளியின் மனைவி வடிவம்மாள் வெளியே வந்தாள். ஒரு குடையைக் கையில் எடுத்தாள். குடையைக் கையில் எடுத்துவிட்டால் வாங்க வந்தவர் கணக்குதான், மறுத்துப் பேசக் கூடாது.

“அவுக அனுப்புனாகளா?”

“ஆமாம்மா.”

“இத்தனையும் வீட்டுக்கா?”

“ஆமாம்மா.”

“அப்போ பெருமழை ஏதும் வருதா?”

“ஆமாம்மா.”

வடிவம்மாள் வானத்தைப் பார்த்தாள். நெல் குதிர், பரண், பூஜை அறை என்று இடம் சொன்னாள். எதிர்வீட்டு மீரான் பாய் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, வீடு பூரா குடை?”

“பெருமழை வருதாம் பாய். அவுக முன்னாலயே வீட்டுக்கு அனுப்பிட்டாக.”

மீரான் பாய் நான்கு பேரையும் பார்த்து, “அப்படியாப்பா?” என்றார்.

“ஆமா பாய்.”

“குடைக் கம்பெனி மொதலாளியே பதுக்குதாருன்னா சும்மாவா இருக்கும்!” என்று சொல்லிவிட்டு, அங்கேயே ஆறு குடை வாங்கினார். ஆறுக்கும் ஆறு தடவை கைதட்டல். சத்தம் கேட்டு அடுத்த தெரு வந்தது. அடுத்த தெருவைப் பார்த்து மேல ரத வீதி வந்தது. மதியத்துக்குள் வரிசை கோயில் வாசல் வரைக்கும் நீண்டுவிட்டது. “பாலம் முங்கிருமாமே?” என்று கேட்டவர்களுக்கு, “ஆமாங்க.” “பத்து நாளைக்கு விடாதாமே?” “ஆமாங்க.” வடிவம்மாள் விற்றாள், இவர்கள் தட்டினார்கள். மாலை நான்கு மணிக்குக் கடைசிக் குடை போனது. நால்வருக்கும் உள்ளங்கை பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது.

முதலாளி கிட்டங்கிக்கு வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. வழியில் வீட்டில் நுழைந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். முகத்தைச் சிரிப்பாக வைப்பதா, கோபமாக வைப்பதா என்று அவருக்கே தெரியவில்லை. கிட்டங்கி கூட்டித் துடைத்த மாதிரி இருந்தது.

“ஒண்ணுகூட மிச்சம் இல்லையாவே?”

தளவாய்க்குப் பொய் சொல்லத் தெரியாது. “ஒண்ணு இருக்கு மொதலாளி” என்று பையைத் திறந்து காட்டினான்.

இசக்கிக்குக்கூட ஒரு யோசனையும் வரவில்லை. மூவரும் தளவாயையே பார்த்தார்கள்.

முதலாளி தொப்பலாக நனைந்திருந்தார். “சரி, அதை இங்க குடும். நான் வீட்டுக்குப் போகணும். உமக்கும் வேலை நிலைக்கும்.”

“இது குடுக்கிறதுக்கு இல்ல மொதலாளி. அண்ணாச்சி வந்து வாங்கிக்கிடுதேன்னு சொல்லியிருக்காரு.”

“ஏம்வே, அவரு செத்து ஒரு மாசம் ஆச்சுல்லா?”

“ஆமா மொதலாளி.”

“பின்ன எப்படி வருவாரு?”

“வரமாட்டேன்னு அவரு சொல்லலையே மொதலாளி.”

முதலாளி அந்தக் குடையைப் பார்த்தார். இருபத்தாறு வருஷமாக அவர் பார்த்த குடைதான். “ஒரு குடை என் கண்ணுல பட்டாலும் வீட்டுக்குன்னு சொன்னேன். இப்போ பட்டுட்டே. என்ன செய்யலாம், நீரே சொல்லும்” என்றார்.

தளவாய் வெகுநேரம் யோசித்தான். பிறகு பணிவாகச் சொன்னான்.

“கொஞ்சம் கண்ணை மூடிக்கிடுங்க மொதலாளி.”

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். தளவாய் சட்டையைக் கழற்றிக் குடையைச் சுற்றிக் கட்டி, கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

“இப்போ திறங்க.”

திறந்தார். குடை இல்லை. “காலி” என்றார் முதலாளி. மூவரும் வீங்கின கையோடு கைதட்டினார்கள்.

தென்காசியில் அன்றைக்குக் குடை இல்லாமல் நடந்தவர்கள் ஐந்தே பேர். முன்னால் குடைக் கம்பெனி முதலாளி. பின்னால் மூன்று கெட்டிக்காரர்கள். அவர்களைக் கண் முன்னால் வைத்துக்கொண்டு, கடைசியில், வெற்றுடம்போடு தளவாய்.

அந்தக் குடை இன்னும் தளவாய் வீட்டு ஆணியில் தொங்குகிறது. ஒரு தடவைகூட நனைந்ததில்லை.