மிதிக்காத மூன்று கிலோமீட்டர்

தாமிரபரணிக் கரையில், காரும் லாரியும் வராத சைக்கிள் வழிகளைத் தேடிக் குறித்துவைக்கும் ஒரு டீச்சர் இருந்தார். பெயர் ஜெசிந்தா, வயது முப்பத்தெட்டு. வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்துவார். மீதி இரண்டு நாளும் ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் கிடப்பார்.

அவரிடம் வழி பார்க்கக் கற்றுக்கொள்ள வந்தவர் இசக்கியப்பன். வயது ஐம்பத்தொன்பது. முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஹாரன் அடித்தே ஊரை ஓரங்கட்டிய மனுஷன் இப்போது ஹாரன் சத்தம் கேட்காத இடம் தேடி அலைகிறாரே என்று டீக்கடையில் கேலி செய்தார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன்னைவிட இருபத்தொரு வயது சின்னவரை வாய் நிறைய ‘டீச்சர்’ என்று கூப்பிட்டார். டீச்சர் அவரை ‘அண்ணாச்சி’ என்பார்.

வழி குறிப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஹேண்டில்பாரில் ஒரு சின்ன வாளி, அதில் சுண்ணாம்பு, ஒரு பிரஷ். திருப்பம் வரும் இடத்தில் மதகுச் சுவரிலோ பனைமரத்திலோ ஓர் அம்புக்குறி போட வேண்டும். டீச்சரிடம் இருந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். மிதிக்காத இடத்தில் அம்பு போடக் கூடாது.

இரண்டு வருஷம் டீச்சருக்குப் பின்னாலேயே மிதித்த பிறகு, இசக்கியப்பனுக்கென்று ஒரு வழி கிடைத்தது. அணைக்கட்டில் தொடங்கி ஆற்றோடு கீழே நாற்பது கிலோமீட்டர். தனியாகப் போய் அம்பு போட்டுவிட்டு வந்தார்.

“முழுக்க மிதிச்சியளா அண்ணாச்சி?”

“மிதிச்சேன் டீச்சர்.”

டீச்சர் தன் நோட்டில் அந்த வழியையும் சேர்த்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. வழி முடிகிற இடத்தில் உள்ள டீக்கடையில் யாரோ கொடுத்துவிட்டுப் போனது. உறையின் மேல் ‘அம்பு போட்ட ஐயாவுக்கு’ என்று எழுதியிருந்தது. டீச்சர் அதைப் பிரிக்காமல் இசக்கியப்பனிடம் நீட்டினார்.

“உங்களுக்குத்தான். வாசிங்க.”

அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சத்தமாகவே வாசித்தார்.

‘ஐயா, என் பெயர் உலகம்மை. தென்காசியில் நர்ஸாக இருக்கிறேன். போன வருஷம் எனக்குப் பெரிய ஆபரேஷன் ஆனது. அதற்குப் பிறகு முதல்முறையாக, என் வீட்டுக்காரரையும் சிநேகிதர்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன். உங்கள் அம்புகளைப் பார்த்துக்கொண்டே முப்பத்தேழு கிலோமீட்டர் சந்தோஷமாக வந்தோம். ஒரு கார்கூடக் குறுக்கே வரவில்லை. அதன் பிறகு எங்கேயோ வழி தவறிவிட்டோம். முள்ளில் மாட்டி ஆறு சைக்கிளும் பஞ்சர். உச்சி வெயிலில் மூன்று கிலோமீட்டர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். எனக்குத் தலை சுற்றி இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். அங்கேயும் அம்பு இருந்தது. ஆனால் அம்பு போட்ட நீங்கள் மிதித்துத்தானே போயிருப்பீர்கள்? ஆகவே நாங்கள்தான் எதையோ சரியாகப் பார்க்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்து, எங்கே தவறினோம் என்று தேடிப் பார்க்கப் போகிறோம். மன்னிக்கவும்.’

கடிதத்தை நாலாக மடித்தார்.

“எங்க தவறினாங்களாம்?” என்று டீச்சர் கேட்டார்.

“தெரியலயே டீச்சர்.”

இரண்டாவது பொய் முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது. அது அவருக்கே கூசியது.

“அப்ப நாளைக்குப் போயிப் பாத்துருவோம். காலைல ஆறு மணிக்கு வந்துருங்க.”

நடந்தது இதுதான். அன்றைக்கு முப்பத்தேழு கிலோமீட்டரையும் இசக்கியப்பன் ஒழுங்காகத்தான் மிதித்தார். அங்கே ஒரு பம்ப்செட் அறை. அதன் நிழலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அவருடன் பதினெட்டு வருஷம் ஓடிய கண்டக்டர் சப்பாணிமுத்து மொபெட்டில் வந்து சேர்ந்தார். பக்கத்து ஊரில் அவர் பேரனுக்குக் காதுகுத்து. கிடா வெட்டியிருந்தது.

“டிரைவரே, கடைசிப் பந்தி உக்காரப் போவுது. சைக்கிள இங்கனயே சாத்திட்டு ஏறும்வே.”

“வழில அம்பு போடணுமே.”

“போடும். நான் நிறுத்தி நிறுத்திப் போறேன்.”

கரையில் மொபெட் ஓடியது. மதகு வந்தால் கண்டக்டர் வாயாலேயே விசில் அடிப்பார். டிரைவர் இறங்கி அம்பு போடுவார். மறு விசிலுக்கு ஏறிக்கொள்வார். இரண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு. கால் மணி நேரத்தில் மூன்று கிலோமீட்டர் முடிந்து, இலையும் போட்டாகிவிட்டது.

மறுநாள் காலையில் இருவரும் அணைக்கட்டில் கிளம்பினார்கள். டீச்சர் முன்னால், இசக்கியப்பன் பின்னால்.

பத்தாவது கிலோமீட்டரில் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அங்கே டீச்சர் சைக்கிளை நிறுத்தி, ஒரு பனைமரத்தைக் காட்டினார்.

“இந்த அம்பு நல்லாப் போட்டுருக்கிய. திருப்பத்துக்கு முன்னாடியே கண்ணுல படுது.”

பாராட்டு கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார்.

இருபதாவது கிலோமீட்டரில் டீச்சர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இருபத்தெட்டில் ஒரு நாணல் திட்டில் நாரை பார்க்க நின்றார். ஒவ்வோர் இடத்திலும் இசக்கியப்பன் வாயைத் திறந்தார், ஒவ்வோர் இடத்திலும் வேறு எதையோ பேசினார். முப்பத்தைந்தில் வந்தது இது:

“வெயிலு ஏறிட்டு டீச்சர். திரும்பிருவமா?”

“அந்த அம்மாவும் வெயில்லதான நடந்தாங்க.”

பம்ப்செட் அறை வந்தது. அவர் பிரேக் பிடித்தார். டீச்சர் பிடிக்கவில்லை. நேராகக் கரைமேல் ஏறிப் போனார். இருநூறு மீட்டர் போயிருப்பார், முன்சக்கரம் ‘உஸ்’ என்றது. இசக்கியப்பன் தன் சைக்கிளை அறையோரம் சாத்திவிட்டு ஓடிப் போய்ச் சேர்ந்தார்.

யாரோ சீமை உடைமரங்களை வெட்டிக் கட்டாகக் கட்டி அந்தக் கரையோடு இழுத்துப் போயிருந்தார்கள். உதிர்ந்த முள்ளெல்லாம் புழுதிக்குள் புதைந்து கிடந்தது. மொபெட்டின் தடித்த டயருக்கு அது உறைக்கவில்லை. பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு போனவருக்கும் உறைக்கவில்லை.

டீச்சர் புழுதியிலேயே உட்கார்ந்து டியூபை உருவினார். முள்ளைப் பிடுங்கினார். அதைத் தூர எறியாமல் இசக்கியப்பனின் உள்ளங்கையில் வைத்தார். ஒட்டுப் போட்டு, காற்றடித்து, ஏறி மிதித்தார். ஐம்பது மீட்டரில் மறுபடியும் இறங்கினார். மறுபடியும் ஒரு முள் இசக்கியப்பன் கைக்கு வந்தது.

நாலாவது முள்ளை வைக்க டீச்சர் கை நீட்டியபோது இசக்கியப்பன் தன் கையை மூடிக்கொண்டார்.

“போதும் டீச்சர்.”

“இன்னும் ரெண்டே முக்கா கிலோமீட்டரு கெடக்கே அண்ணாச்சி.”

“நான் இங்க மிதிக்கல.”

டீச்சர் ஒட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“மொபெட்டுல போனேன். பின்னால உக்காந்து. சப்பாணிமுத்து பேரனுக்குக் காதுகுத்து. கறிச்சாப்பாடு.”

“நல்லா இருந்துச்சா?”

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

“நல்லா இருந்துச்சு டீச்சர். ரெண்டு தடவ வாங்கிச் சாப்புட்டேன்.”

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தான் கறிச்சாப்பாட்டுக்காகச் சிரித்துக்கொண்டே போன அதே வழியில் ஒரு பெண் தலை சுற்றி உட்கார்ந்திருக்கிறாள், உட்கார்ந்துகொண்டு தன்னையே நொந்திருக்கிறாள். அது அவரை அறுத்தது. அந்தப் பெண் நாலு வார்த்தை ஏசி எழுதியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

“இந்த வேலைக்கு நான் லாயக்கில்ல. ஞாயித்துக்கெழமைக்குள்ள எல்லா அம்பையும் நானே அழிச்சிருதேன். நாப்பது கிலோமீட்டரும்.”

“முப்பத்தேழ எதுக்கு அழிக்க? அத மிதிச்சியள்லா?”

“மிதிச்சேன். ஆனா இனிமே அத யாரு நம்புவா டீச்சர்?”

டீச்சர் எழுந்து புழுதியைத் தட்டிக்கொண்டார்.

“மூணை அழிச்சிட்டு வாங்க. நான் பம்ப்செட்டுகிட்ட நிக்கேன்.”

இசக்கியப்பன் ஒரு கோணிச் சாக்கை வாய்க்காலில் நனைத்து எடுத்துக்கொண்டு நடந்தார். மொத்தம் ஒன்பது அம்பு. சுண்ணாம்பு நன்றாகவே பிடித்திருந்தது, தேய்க்கத் தேய்க்கத்தான் போயிற்று. கால் மணி நேரத்தில் கடந்த வழி, போய்த் திரும்ப இரண்டரை மணி நேரம் ஆனது. செருப்பை மீறி இரண்டு இடத்தில் முள் ஏறியிருந்தது. அவர் அதைப் பிடுங்கிக்கொண்டு நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

அதற்குள் டீச்சர் பம்ப்செட்டுக்குப் பின்னால் வயலுக்குள் இறங்கும் வண்டித்தடத்தில் டீக்கடை வரைக்கும் மிதித்துப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். தூரம் கொஞ்சம் கூடுதல், ஆனால் முள் இல்லை. கரையைக் காட்டிய அம்பைச் சுரண்டிவிட்டு, தடத்தைக் காட்டி ஒரு புது அம்பு போட்டிருந்தார். பக்கத்தில் சுவர் வெறுமையாக இருந்தது. சுண்ணாம்பு வாளியையும் பிரஷையும் இசக்கியப்பனிடம் கொடுத்தார்.

“எழுதுங்க.”

“என்னத்த எழுத?”

“நடந்தத.”

அவர் சுவரின் புழுதியைத் துண்டால் துடைத்தார். பிறகு எழுதினார். முன்பு பஸ்ஸில் ஊர்ப்பலகை எழுதிய கை, எழுத்து நேராகத்தான் வந்தது.

‘இங்கிருந்து கரை வழியாக மூன்று கிலோமீட்டர், நான் சைக்கிளில் போகவில்லை. மொபெட்டில் போய் அம்பு போட்டேன். கரை முழுக்க முள். உலகம்மை தவறவில்லை.’

பிரஷை வாளியில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். வயலில் களை எடுத்து முடித்த பெண்கள் தூக்குவாளிகளோடு அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லாருமே அவர் பஸ்ஸில் ஏறி இறங்கியவர்கள். “டிரைவரு அண்ணாச்சி சொவத்துல என்னமோ எழுதுதாவளே” என்று ஒருத்தி சொல்வது கேட்டது. அவர் சுவரை மறைத்துக்கொண்டு நின்றார்.

“டீச்சர், பேரும் போடணுமா?” என்று தணிந்த குரலில் கேட்டார். “வயலுக்குப் போறவன் வாரவன் பூராவும் இத வாசிப்பான். ‘அம்பு போட்டவன்’னு போட்டாப் போதாதா?”

டீச்சர் பிரஷை எடுத்துச் சுண்ணாம்பில் முக்கி, மறுபடி அவர் கையில் கொடுத்தார்.

“பேரு போடலேன்னா, மிச்ச முப்பத்தேழு கிலோமீட்டரையும் அந்த அம்மா இனிமே யார நம்பி மிதிப்பாங்க அண்ணாச்சி?”