எரிமலைக்குத் தப்பிய எருமை

கரட்டுப்பட்டிக்குப் பாறை பார்க்க ஒரு கல்லூரி வாத்தியார் வந்தார். கல்லைப் பார்த்தோமா, போனோமா என்று இருந்திருக்கலாம். "பல கோடி வருஷத்துக்கு முன்னாடி பெரிய எரிமலைகள் வெடிச்சு, புகை வெயிலை மறைச்சுது. செடிகொடி கருகி, பெரிய பிராணிகள் பட்டினியில பூண்டோட அழிஞ்சுது. வளைக்குள்ள கிடந்த சின்னப் பிராணிகள்தான் பிழைச்சுது. இப்படி நடந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறிவிட்டார். அந்தக் கடைசி வார்த்தையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஊர் அப்படியே நம்பியது; எரிமலை மறுபடியும் வெடிக்கும் என்று பயந்தது.

ஊரிலேயே பெரிய பிராணி சன்னாசியின் எருமைதான். அதன் பாலில்தான் அவன் வீட்டில் உலை கொதித்தது. பாவம், அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அறிவுக்குப் பஞ்சமில்லாத ஊர் என்பதால் உடனே கூட்டம் கூடியது.

"எருமையைச் சின்னதாக்கிட்டா பிழைச்சுக்கும். தீனியை நிறுத்து" என்றார் தலைவர் பெருமாளப்பன்.

"பட்டினியில செத்துருமேங்க! அதுக்கு எரிமலையே தேவலையே!" என்று சன்னாசி அழுதான்.

"அப்ப வளையில விடுவோம்" என்றான் பிச்சமுத்து. சபை அவனை மெச்சியது.

ஊரையொட்டிய கரட்டுக்குன்றின் அடியில் ஒரு நரிவளை இருந்தது. ஊரே கூடி எருமையைப் பின்னாலிருந்து தள்ளியது. தலை உள்ளே போனது. மீதி எருமை போகவில்லை. கொம்பு மாட்டிக்கொண்டதால் தலையும் திரும்பி வரவில்லை.

"ஐயோ, அதுக்கு மூச்சு முட்டுது! வெளிய எடுங்க!" என்று சன்னாசி வாலைப் பிடித்து இழுத்தான்.

"வளைக்குள்ள எலி இருந்தா என்னப்பா செய்வோம்? புகை போடுவோம்" என்ற தலைவர், வளையின் மறுவாயில் வைக்கோலைத் திணித்துத் தம் கையாலேயே தீ வைத்தார்.

எருமை ஒரு உதறு உதறியது. மண் சரிந்து, கரட்டிலிருந்து குபுகுபுவென்று புகை கிளம்பியது.

"வெடிச்சிருச்சு! ஓடுங்க!" என்று முதலில் அலறியவரும் தலைவர்தான். ஊர் மொத்தமும் வற்றிய கண்மாய்க்குள் போய்க் குப்புற விழுந்தது. சன்னாசி மட்டும் அங்கே மல்லாந்து கிடந்து, "என் தாயி போயிட்டாளே!" என்று மார்பில் அடித்துக்கொண்டான்.

புகை அடங்கியபோது, எருமை அவன் தலைமாட்டில் நின்று துண்டை மென்றுகொண்டிருந்தது. சன்னாசி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பினான். அவ்வளவு சந்தோஷம்.

தலைவர் எழுந்து எருமையைச் சுற்றி வந்தார். "சின்னப் பிராணிதான் பிழைக்கும்னு வாத்தியார் சொன்னாரு. இது பிழைச்சிருச்சு. ஆக, இது சின்னதாயிருச்சு."

ஊரே தலையாட்டியது.

"சின்ன உசிரை நடக்க விடலாமா?" என்று சன்னாசி பதறினான். எல்லோரும் அடியில் புகுந்து எருமையைத் தோளில் தூக்கினார்கள். கண்மாய்க்கரை ஏறுவதற்குள் முழங்கால்கள் மடங்கின.

"சின்னதாயிருச்சுன்னா, ஏன் தலைவரே இந்தக் கனம் கனக்குது?" என்று முனகினான் பிச்சமுத்து.

எருமையின் வயிற்றுக்கடியிலிருந்து தலைவரின் குரல் வந்தது: "நாமளும்தானே பிழைச்சிருக்கோம்? இதைவிடச் சின்னதாயிட்டோம்டா!"