உடும்பு விழுங்கிய சீட்டு

விலங்குகளும் பறவைகளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு மலையடிவாரக் காட்டில் ஒரே ஒரு சுனைதான் இருந்தது. கோடையில் முதலில் குடிப்பவர்களுக்குத் தெளிந்த நீர் கிடைக்கும். கடைசியில் வருபவர்களுக்குச் சேறுதான். அதற்காக ஆண்டுதோறும் கடித்துக் குதறிக்கொண்டவர்கள், கடைசியில் அலுத்துப்போய், சீட்டாடி முடிவு செய்வது என்று ஒத்துக்கொண்டார்கள்.

ஆளுக்கு ஐந்து பூவரச இலைகள். அவற்றில் முள்ளால் அவரவரே எழுதிக்கொள்ளலாம். எழுதியது நடந்தே ஆகவேண்டும். எதிராளியின் கையில் இலை தீர்ந்தால் வெற்றி. கீரி 'பாய்ச்சல்' என்று எழுதி இரண்டு இலைகளைப் பறிக்கும். மயில் 'மழை' என்று எழுதி அதைத் தடுக்கும். காட்டெருமைதான் நடுவர்.

உடும்பு மட்டும் மூன்று கோடையாகத் தோற்றது. அதன் குட்டிகள் சேற்றைக் குடித்துவிட்டு இருமின. பொறுக்க முடியாமல் ஒருநாள் அது ஓர் இலையில் இப்படி எழுதியது: 'எதிராளியின் சீட்டு ஒன்றைப் பறி. இந்தச் சீட்டைத் திரும்ப எடுத்துக்கொள். இன்னொரு முறை ஆடு.'

மறுநாள் கீரியோடு ஆட்டம். உடும்பு அந்த இலையைப் போட்டது, ஒன்றைப் பறித்தது, இலையைத் திரும்ப எடுத்தது, மறுபடியும் போட்டது. கீரி ஒவ்வொரு தடவையும் "இப்போது நான்" என்று கையைத் தூக்கியது. ஐந்தாவது தடவை தூக்கியபோது கையில் ஒன்றுமே இல்லை.

"நான் இன்னும் ஆடவே இல்லையே!" என்று அலறியது கீரி.

"ஆனால் நன்றாக உட்கார்ந்திருந்தாய்" என்றது உடும்பு.

காட்டெருமை இலையை நான்கு முறை படித்துப் பார்த்தது. "எழுதியிருக்கிறதே, நான் என்ன செய்ய?" என்று பெருமூச்சு விட்டது. அன்று உடும்புக் குட்டிகள் முதல்முறையாகத் தெளிந்த நீர் குடித்தன.

ஒரு வாரத்துக்குள் காடு முழுக்க அதே இலைதான். மயில்கூடத் தன் மழையைத் தூக்கி எறிந்துவிட்டது. யார் முதலில் தொடங்குகிறாரோ அவருக்கே வெற்றி என்றானது. பிறகு யார் தொடங்குவது என்று சண்டை வந்தது. கீரி மயிலின் தோகையைக் கடிக்க, மயில் கொத்த, மான்கள் மிரண்டு ஓட, எல்லாரும் உருண்டு புரண்டது சுனைக்குள்தான்.

எழுந்து பார்த்தால் சுனை முழுக்கச் சேறு. உடும்பின் கடைசிக் குட்டி அதில் வாயை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தது.

உடும்பு தன் இலையை வாயில் போட்டு மென்று விழுங்கியது.

"அது உன்னைக் காப்பாற்றிய சீட்டாயிற்றே!" என்றது கீரி.

"காப்பாற்றியது ஒருநாள்தான். நீங்களும் மெல்லுங்கள்."

முனகிக்கொண்டே எல்லாரும் மென்றார்கள். பூவரச இலை அவ்வளவு ருசியில்லை. "இனி இந்தச் சீட்டை யாரும் எழுதக்கூடாது" என்று காட்டெருமை அறிவித்தது. மயில் மட்டும் "நான் எப்போதோ தின்றுவிட்டேன்" என்றது. காட்டெருமை தோகையை உதறச் சொன்னது. அதே சீட்டு மூன்று விழுந்தன.

அடுத்த ஆட்டம் உச்சிவெயில்வரை நீண்டது. உடும்பு ஒரே ஓர் இலை வித்தியாசத்தில் தோற்றது. ஆனாலும் கீரி, "குட்டிகள் முதலில் குடிக்கட்டும்" என்று ஒதுங்கி நின்றது.

இன்றும் சீட்டுப் போட்டிகளில் சில சீட்டுகளுக்குத் தடை இருப்பதும், எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் நடுவர் அவர் சீட்டுக்கட்டைப் பிரித்துப் பார்ப்பதும் அன்று தொடங்கிய வழக்கம்தான்.