ஒட்டு மீசை வழக்கு

முன்னொரு காலத்தில் வெள்ளாற்று நாட்டைக் கோவேந்தன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். முன்னொரு காலம் என்றாலும் எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்ட காலம்தான்.

அந்நாட்டு மருத்துவச்சி பூங்காவனம். இளவரசன் பிறந்தபோது தாயையும் பிள்ளையையும் பிழைக்கவைத்தவள். ராஜா அவளைச் சபையில் புகழ்ந்த நாளிலிருந்து அமைச்சர் திருவேங்கடநாதருக்கு வயிற்றெரிச்சல்.

'ஊர்வாய்' என்ற இணையதளத்தில், அவள் பச்சைக் குழந்தைகளை விற்கிறாள் என்று யாரோ பொய்ப் படத்தோடு எழுதிவிட்டார்கள். நாடே படித்தது. அவள் வீட்டின்மேல் கல் விழுந்தது. பிள்ளைவலி கண்டவர்களும் அவளைக் கூப்பிடவில்லை. அப்படிக் கூப்பிடாமலே மருதாயி என்பவள் பிரசவத்தில் இறந்துபோனாள். அந்தச் சாவைக் கேட்டதும் பூங்காவனத்துக்கு உடம்பெல்லாம் கொதித்தது. நேரே சபைக்குப் போய், அந்தப் பொய்யை நீக்கச் சொல்லி முறையிட்டாள்.

வரவழைக்கப்பட்ட ஊர்வாயின் பிரதிநிதி அலட்டிக்கொள்ளவில்லை. தங்கள் கணினிகள் கடலுக்கு அப்பால் ஒரு தீவில் இருக்கின்றன, தீவின் சட்டம்தான் செல்லும் என்றான். அமைச்சர் தலையாட்டினார். நம் ஆணை நம் எல்லையோடு சரி என்று ராஜா கொட்டாவி விட்டான்.

மறுநாள் பூங்காவனம் படகேறி அக்கரை நாட்டில் இறங்கினாள். அங்கே நின்றபடி, 'கோவேந்தனின் மீசை ஒட்டு மீசை' என்று தன் பெயரிலேயே ஊர்வாயில் எழுதினாள். அவள் திரும்பி வருவதற்குள் சந்தையே சிரித்துக்கொண்டிருந்தது. ராஜா குதித்தான். தலையை வாங்க வேண்டும் என்று அமைச்சர் தூபம் போட்டார். பூங்காவனம் சபை முன் வந்து நின்றாள்.

"எந்தச் சட்டப்படி, மகாராஜா? எழுதியது அக்கரையில். இருப்பது தீவில்."

"எங்கே இருந்தால் என்ன? சிரிப்பது என் குடிகள். மானம் போனது இங்கே."

"மருதாயி உயிர் போனதும் இங்கேதான்" என்றாள் பூங்காவனம்.

மீசைச் செய்தியை அப்போதே நீக்கிவிட்டோம் என்று பிரதிநிதி குழைந்தான். அப்படியானால் இவளைப் பற்றிய பொய்யை ஏன் நீக்கவில்லை என்று ராஜா கேட்டான். இந்த நாட்டில் தொழில் செய்பவன் இந்த நாட்டுச் சபைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ராஜா ஆணையிட்டு, பொய்யை எழுதியவர் பெயரைக் கேட்டான். பிரதிநிதி மெல்லத் திரும்பி அமைச்சரைப் பார்த்தான்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி நீட்டினான். பூங்காவனம் கை நீட்டவில்லை.

"இவர் மருதாயி வீட்டு வாசலில் நின்று, நான்தான் பொய் சொன்னேன் என்று தம் வாயால் சொல்லட்டும். அதை ஊர்வாயில் நாடே பார்க்கட்டும். எனக்கு அது போதும்."

பதவியும் தலைப்பாகையும் பறிபோன திருவேங்கடநாதர் வெயிலில் முன்னே நடந்தார். அவர் பின்னால், ஓரடி இடைவெளிகூட விடாமல், பூங்காவனம் நடந்தாள்.