ஓடுதளத்துப் பன்றிகள்

பசிபிக் கடலில் ஒரு துக்கடாத் தீவு. அங்கே சமதரை என்று இருந்ததே விமான ஓடுதளம்தான். வாரத்தில் ஒருநாள் விமானம் வரும். மற்ற நாளெல்லாம் தீவின் கால்பந்து கிளப்புக்கு அதுதான் மைதானம்.

அதைச் சோதிக்கக் கால்பந்துச் சங்கத்திலிருந்து வந்த அதிகாரி கிராஃப்டன் முகத்தைச் சுளித்தார். “இதெல்லாம் ஒரு மைதானமா? இனி கிளப் ஆள் ஒருத்தன் இதில் கால் வைத்தாலும் கிளப்பையே கலைத்துவிடுவேன்.”

கிளப்பின் ஜெர்சி துவைக்கும் லெபோலோ, “உத்தரவுங்க ஐயா” என்று ஆட்டக்காரர்கள் எல்லோரையும் கூட்டிப்போய்த் தென்னை நிழலில் உட்கார வைத்தாள்.

அவரை ஏற்றிப்போக விமானம் வந்தது. இறங்காமல் வட்டமடித்தது. ஓடுதளத்தின் நடுவே ஊர்ப் பன்றிகள் சொகுசாகப் படுத்திருந்தன.

“விரட்டுங்கப்பா” என்றார் அதிகாரி.

“எப்பவும் விரட்டுறது எங்க ஆட்டக்காரங்கதான் ஐயா. இப்போ கால் வைக்கக் கூடாதே” என்றாள் லெபோலோ.

கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அவரே ஓடினார். பன்றிகள் அவரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைக்கழித்தன. மூச்சிரைக்கத் திரும்பியவர், “சரி, இங்கேயே விளையாடித் தொலைங்க. முதல்ல அதுகளை விரட்டுங்க” என்றார்.

ஆட்டக்காரர்கள் இறங்கினார்கள். கண்மூடித் திறப்பதற்குள் ஓடுதளம் காலி.

லெபோலோ கோட்டைத் தட்டி அவரிடம் நீட்டினாள். “எங்க கிளப்பில் சேர வர்றவங்களுக்கு வைக்கிற சோதனையே இதுதான் ஐயா. நீங்க தேறலை.”