ருசி பார்த்த கரண்டி

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. இதைச் சத்தம் போட்டுச் சொல்ல முடியாது. கதையில் வருகிற ஆள் இன்னும் பதவியில்தான் இருக்கிறார்.

ஒரு பெரிய விடுதிச் சமையல்கட்டில் பாத்திரங்களெல்லாம் கூடி ஒரு சபை வைத்திருந்தன. தலைவர் பெரிய அண்டா. அங்கே ஒரு சட்டம். யார் புதிதாக ஒரு பதார்த்தம் கண்டு சொல்கிறார்களோ அவர்களுக்கு மேல்தட்டில் இடம். பதார்த்தமும் அவர்கள் பேரிலேயே வழங்கும். பல வருஷமாக ஒன்றும் கொடுக்காதவர்களைப் போகிக்கு முதல் நாள் பழைய இரும்பு வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

மேல்தட்டுக்குப் போக இரண்டு வாசல். முதலில் கரண்டி ருசி பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அடுத்தது சல்லடை. தன் வழியாகப் போன ஒவ்வொன்றிலும் ஒரு துணுக்கைச் சல்லடை தன் கண்ணில் ஒட்டவைத்துக்கொள்ளும். அதே துணுக்கு மறுபடி வந்தால் அடைத்துக்கொண்டு, "திருட்டு! திருட்டு!" என்று கத்தும். காப்பியடிக்கிறவர்களைப் பிடிக்க அண்டா செய்த ஏற்பாடு அது.

இரும்புச்சட்டி என்று ஒருத்தி இருந்தாள். ஒரு காது உடைந்தவள். வருஷக்கணக்காக மேல்தட்டை எட்ட முடியவில்லை. "இந்தத் தடவையும் இல்லேன்னா வண்டிதான், பார்த்துக்கோ" என்று அண்டா சொல்லியாயிற்று.

குப்பைக்குப் போகிற சுரைக்காய்த் தோலை எடுத்தாள் சட்டி. கொள்ளோடு சேர்த்து வதக்கினாள். கருகிப்போயிற்று. மறுபடி வதக்கினாள். கசந்தது. தன் அடி கறுத்து வெடிக்கிற வரைக்கும் விடவில்லை. கடைசியில் ஒரு நாள் ஒரு வாசம் வந்தது பாருங்கள், உப்பு ஜாடி மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தது.

"என்னடி அது, எனக்கே நாக்கு ஊறுது! எனக்கு நாக்கே கிடையாதேடி!"

சட்டி அதைக் கரண்டியிடம் கொண்டுபோனாள். கரண்டி என்று மொட்டையாகச் சொல்லக்கூடாது, கரண்டியார். பளபளவென்று எவர்சில்வர், நீளக் காம்பு. எல்லார் வயிற்றுக்குள்ளும் தலையை விட்டு வந்தவர். ஒரு வாய் அள்ளினார். கண்ணை மூடினார். ரொம்ப நேரம் திறக்கவில்லை.

"பரவாயில்லை, தங்கச்சி. ஆனா பக்குவம் போதாது. தோல் திப்பிதிப்பியா நிக்குது. ரெண்டு வாரம் கழிச்சுக் கொண்டா."

"போகி வருதே, அண்ணே."

"அவசரப்பட்டா நான் பொறுப்பில்லை."

சட்டி திரும்ப அடுப்பில் ஏறினாள். கரண்டியார் வாயில் இருந்ததைத் துப்பவில்லை. ஒரு மூலைக்குப் போய் அதை மசித்தார். கறிவேப்பிலையை எடுத்துவிட்டு மல்லி போட்டார். மேலாக ஒரு துளி வெல்லம். ருசி பார்த்தது யார் என்கிறீர்கள்? அவர் தம்பி குழிக்கரண்டி. "அபாரம், அண்ணே!" என்றான். சல்லடைக்கு இது புதுசு. தடுக்க அதன் கண்ணில் ஒன்றும் இல்லை. சர்ரென்று போயிற்று. மேல்தட்டில் பேர் எழுதினார்கள்: கரண்டியார் தொக்கு.

இரண்டு வாரம் கழித்துச் சட்டி வந்தாள். "ஆங், இப்போ சரி. சல்லடைக்குப் போ" என்றார் கரண்டியார், முகம் மாறாமல்.

போனாள். சல்லடை கத்தியது.

சமையல்கட்டே கூடிவிட்டது. பூரிக்கட்டை உருண்டு உருண்டு சிரித்தது. "உடைஞ்ச காதுக்காரிக்குக் கரண்டியார் தொக்கு கேக்குதாக்கும்!"

"நல்லாப் பாரு," என்று சல்லடையைக் கெஞ்சினாள் சட்டி. "யார்கிட்டேருந்து யார் எடுத்ததுன்னு பாரு."

"அது எனக்குத் தெரியாது. எது முதல்ல வந்துச்சுன்னு மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

பக்கத்து அடுப்புத் தோசைக்கல்லிடம் ஓடினாள். "நீ பார்த்தியே, தங்கச்சி. நான் வெந்ததைப் பார்த்தியே."

தோசைக்கல் குரலைத் தாழ்த்திற்று. "பார்த்தேன், அக்கா. ஆனா என் அடையும் அடுத்த வாரம் அவர் வாய்க்குத்தானே போகணும்."

அண்டாவின் முன்னால் போய்க் கவிழ்ந்து படுத்தாள் சட்டி. "என் அடியைப் பாருங்க, ஐயா. இது வேகாம வந்ததா?"

"அடியை யாரும்மா பார்க்கிறாங்க? சபைக்கு வர்றது மேல இருக்கிறதுதானே" என்றது அண்டா. அதற்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "சரி, புகார்னு வந்தா விசாரிக்கணும், அது சட்டம். ருசி விஷயத்துக்கு ருசி தெரிஞ்சவர் வேணும். கரண்டியாரே, நீங்க போய்க் கேட்டுட்டு வாங்க."

"ஐயா, புகாரே அவர் மேலதான்!"

"அப்போ அவருக்குத்தானே விஷயம் முழுசாத் தெரியும்?"

கரண்டியார் வந்தார். சட்டியின் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். "சொல்லு, தங்கச்சி. மனசுல இருக்கிறதையெல்லாம் கொட்டு."

வேறு வழி இல்லை. கொட்டினாள்.

"நம்பித்தானே நாங்க மூடியைத் திறந்து காட்டுறோம். ருசி பார்க்க வந்தவரே முழுங்கிட்டா நாங்க யார்கிட்டப் போவோம்? தொக்கு போனா இன்னொரு தொக்கு கிளறலாம். வெந்தவ நான்னு சொல்ல முடியாமப் போச்சுன்னா, மறுபடி வேக எனக்கு அடி இல்லை. இனிமே யார் எதை என்னைக்குக் கொண்டுவந்தாங்கன்னு சுவத்துல கரியால எழுதுங்க. ருசி பார்க்கிறதை எல்லார் முன்னாலயும் பாருங்க. பார்த்த வாயை அங்கேயே கழுவச் சொல்லுங்க. எனக்கு இல்லேன்னாலும், பின்னால வர்றதுகளுக்காவது."

கரண்டியார் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். "நல்லாச் சொன்னே, தாயி. ஒரு வார்த்தை சிந்தாம எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

போகிக்கு முதல் நாள் சட்டியை வண்டியில் ஏற்றினார்கள். ஓட்டை வாளிக்கும் துருப்பிடித்த அடுப்புக்கும் நடுவில் கிடந்தாள். வண்டி வாசலைத் தாண்டுகிறபோது உள்ளே சபை கூடியிருந்தது. கரண்டியார் மேல்தட்டில் ஏறி நின்றிருந்தார். குரல் தழுதழுத்தது.

"நம்பித்தானே நாங்க மூடியைத் திறந்து காட்டுறோம்..."

அடி வெந்த கதை வந்தது. சுவரில் கரியால் எழுதுவது வந்தது. வாயைக் கழுவுவது வந்தது. பின்னால் வருகிறவர்களும் வந்தார்கள். பூரிக்கட்டை விசும்பிற்று. அண்டா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "திருட்டைப் பத்தி இப்படி ஒருத்தரும் பேசினதில்லை" என்றது. இனிமேல் திருட்டு வழக்கெல்லாம் கரண்டியார் பொறுப்பு என்று அப்போதே முடிவும் ஆயிற்று.

கைதட்டல் அடங்குகிற வரைக்கும் கரண்டியார் காத்திருந்தார். பிறகு கீழே இறங்கி வந்து, தான் பேசியதை அப்படியே சல்லடையிடம் நீட்டினார்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே. இதையும் ஒரு தடவை சலிச்சிடுங்க."

அதுவும் சர்ரென்று போயிற்று.